ஃபெரிட்டின் 2,860: இந்த எண்ணைக் கண்டு பயப்பட வேண்டுமா?

2024 அக்டோபர் 21, மாலை 6.50. மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டது

என் மனைவிக்கு வயது 26. வெள்ளிக்கிழமை காலையில் காய்ச்சல் தொடங்கியது, இன்று நான்காம் நாள். என்.எஸ்.1 பாசிட்டிவ், டெங்கு என்கிறார்கள். இன்று மதியம் எடுத்த ரத்தத்தில் தட்டணு 88,000, வெள்ளணு 2,900, பி.சி.வி. 34, இ.எஸ்.ஆர். 8, சி.ஆர்.பி. 14, ஃபெரிட்டின் 2,860. ஃபெரிட்டினுக்குப் பக்கத்தில் இரண்டு அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். கேட்டால் ‘உடம்பில் அழற்சி அதிகம்’ என்கிறார்கள். அழற்சி அதிகம் என்றால் நோய் முற்றுகிறது என்று பொருளா? பி.சி.வி. ஏறவில்லை, 36-க்குக் கீழேதான் இருக்கிறது என்றும் சொன்னார்கள். மாலையிலிருந்து காய்ச்சல் விட்டிருக்கிறது. வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா அக்கா?

அக்டோபர் 21, இரவு 7.10

தம்பி, ஃபெரிட்டினை ஒரு பக்கம் வையுங்கள். நான் டாக்டர் இல்லை. மதுரையில் 24 ஆண்டுகளாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். எனக்கு மூன்று விவரம் வேண்டும். இந்தக் காய்ச்சலுக்கு முன்னால் எப்போதாவது அவருக்கு ரத்தம் பார்த்தீர்களா, அப்போது ஹீமோகுளோபின் எவ்வளவு? மதியத்திலிருந்து எத்தனை முறை சிறுநீர் கழித்தார்? வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழுந்து உட்கார முடியாத அசதி, இவற்றில் ஏதாவது இருக்கிறதா?

காய்ச்சல் விட்டதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடனே பதில் எழுதுங்கள்.

அக்டோபர் 21, இரவு 7.40

உங்கள் பதிலைப் பார்த்தேன். பிள்ளை பெற்று எட்டு மாதம், கர்ப்பகால அட்டையில் கடைசி ஹீமோகுளோபின் 9.6. மதியத்திலிருந்து ஒரே ஒரு முறை சிறுநீர். வலது விலாவுக்குக் கீழே வலி. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் தம்பி.

ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய பி.சி.வி., அதாவது ரத்தத்தின் கெட்டிப்பைச் சொல்லும் எண், கிடைக்கும். 9.6-க்கு 29. இன்று 34. ‘36-க்குக் கீழே இருக்கிறது’ என்பது ரத்தசோகை இல்லாத பெண்ணுக்குச் சொல்லும் கணக்கு. உங்கள் மனைவிக்கு அது 29-இலிருந்து 34-க்கு ஏறியிருக்கிறது, அதாவது 17 விழுக்காடு. 20 விழுக்காடு ஏறினால் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் பழைய அளவுகோலே சொல்கிறது. வயிற்றுவலியும் சேர்ந்திருக்கிறது. வீட்டில் வைக்காதீர்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். அங்கிருந்து அனுப்பினால் மதுரைப் பெரியாஸ்பத்திரி. கர்ப்பகால அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அந்த 9.6-ஐ டாக்டரிடம் காட்டுங்கள். டிரிப் ஏற்றும் முன் ஒரு முறை பி.சி.வி. பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வலிக்கு ஊசி என்று யாராவது சொன்னால் டெங்கு என்று சொல்லித் தடுத்துவிடுங்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலிமருந்து கூடாது.

அக்டோபர் 21, இரவு 11.20

கிளம்பிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அழல் என்றால் நெருப்பு. அழற்சி என்ற சொல் அதிலிருந்து வந்தது. சி.ஆர்.பி., ஃபெரிட்டின் இரண்டும் உடம்புக்குள் எரிகிற அடுப்பின் சூட்டைச் சொல்கிறவை. டெங்குவில் உயிர் போவது பெரும்பாலும் பானை ஒழுகுவதால். ரத்தக்குழாயின் சுவர் தளர்ந்துபோய், நீரும் ஆல்புமின் என்ற புரதமும் வெளியே கசிந்து நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் தேங்குகின்றன. அணுக்கள் உள்ளேயே நின்றுவிடுகின்றன. மிஞ்சுகிற ரத்தம் கெட்டியாகிறது. அந்தக் கெட்டிப்பை அளப்பதுதான் பி.சி.வி., நூறு பங்கு ரத்தத்தில் சிவப்பணு எத்தனை பங்கு என்ற கணக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயில் ரத்தம் ஏற்றி, ஒரு முனையை அடைத்து, சுழற்றி எடுத்து, அளவுத்தட்டில் வைத்துக் கண்ணால் பார்ப்போம். இன்று எந்திரம் சொல்லிவிடுகிறது. சொல்வதைப் படிக்கத்தான் ஆள் குறைந்துவிட்டார்கள்.

இந்தக் கசிவு காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்குகிற நேரத்தில் தொடங்கி, 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கிறது. ‘அப்பாடா, விட்டுவிட்டது’ என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடுகிற நேரம் அதுதான்.

ஃபெரிட்டின் இரும்பைச் சேமிக்கிற புரதம். ஆனால் இந்தப் பெண்ணின் உடம்பில் இரும்பு நிறைந்திருக்கிறது என்று அந்த 2,860-க்குப் பொருள் இல்லை. ஹீமோகுளோபின் 9.6 இருந்தவருக்குக் காய்ச்சலுக்கு முன் ஃபெரிட்டின் பத்தோ பதினைந்தோ இருந்திருக்கும். கிருமியோடு மோதி அதை விழுங்குகிற பெருவிழுங்கணுக்கள் என்ற அணுக்கள் தூண்டப்பட்டுக் கொட்டியது இது. டெங்குவில் ஆயிரக்கணக்கில் ஏறுவது வழக்கம். மற்ற வைரஸ் காய்ச்சல்களைக் காட்டிலும் டெங்குவில் கூடுதலாக ஏறும் என்பது எங்கள் கூடத்தில் கண்ணால் காண்பது.

சி.ஆர்.பி.யைப் பொறுத்தவரை, டெங்குவில் அது உயராது. 14 என்பது ஒன்றுமில்லை.

அக்டோபர் 22, காலை 5.50

நேற்றிரவு கடைசியாக எழுதிய இரண்டு வரியைத் திருத்துகிறேன். தூக்கக் கலக்கத்தில் தடித்தனமாக எழுதிவிட்டேன்.

சி.ஆர்.பி. டெங்குவில் உயரும், குறைவாக உயரும். நுரையீரல் தொற்று, சீழ் போன்ற பாக்டீரியாத் தொற்றுகளில் நூறைத் தாண்டிப் போகிற எண், டெங்குவில் பெரும்பாலும் அந்த உயரத்துக்குப் போவதில்லை. 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டறியப்பட்ட புரதம் அது. டெங்கு உறுதியான ஒருவருக்கு சி.ஆர்.பி. மிக அதிகமாக இருந்தால், கூடவே பாக்டீரியா ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர்கள் தேடுவார்கள்.

‘14 என்பது ஒன்றுமில்லை’ என்றதும் தவறு. ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலுமாகப் பல நாடுகளில் நடந்து 2020-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, காய்ச்சலின் தொடக்க நாட்களில் சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தவர்களுக்கு நோய் கடுமையாகும் வாய்ப்பும் கூடுதல் என்று காட்டியது. ஆக முதல் இரண்டு மூன்று நாளில் அது ஒரு தடயம். நான்காம் நாள் வயிற்றுவலியோடு கிடக்கிற பெண்ணுக்கு அந்தத் தடயத்தால் புதிதாகத் தெரியப்போவது எதுவும் இல்லை.

அக்டோபர் 22, இரவு 9.30

பெரியாஸ்பத்திரியில் படுக்கை கிடைத்திருக்கிறது. காலை பி.சி.வி. 37. தட்டணு 54,000. ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் தடித்து, வலது நுரையீரல் பக்கம் கொஞ்சம் நீர். டிரிப் ஓடுகிறது, மணிக்கொரு முறை சிறுநீர் அளக்கிறார்கள். அடிக்கடி பி.சி.வி. பார்க்கிறார்கள். இனி அங்கிருப்பவர்களுக்குத் தெரியும்.

குழந்தையை யாரோ பாட்டி வீட்டுக்குத் தூக்கிப் போகச் சொன்னார்களாம், ஒட்டிக்கொள்ளும் என்று. தொட்டால் ஒட்டாது. அம்மாவைக் கடித்த கொசு சில நாள் கழித்துக் குழந்தையைக் கடித்தால் வரும். அதனால் பகலிலும் அம்மாவுக்குக் கொசுவலை கட்டுங்கள், குழந்தைக்கும் கட்டுங்கள். எட்டு மாதக் குழந்தை என்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். முன்பே டெங்கு வந்த தாயிடமிருந்து கருவிலேயே வந்த எதிர்ப்பொருள் தேய்ந்துபோய்க் கொஞ்சம் மட்டும் மிஞ்சியிருக்கிற வயது அது. அரைகுறையாக இருக்கும் அந்த எதிர்ப்பொருள் வைரஸைத் தடுக்காமல் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பாங்காக்கில் 1960-களில் குழந்தைகளைப் பார்த்த ஹால்ஸ்டெட் என்ற மருத்துவர் முன்வைத்த விளக்கம் இது. இரண்டாம் முறை வேறு வகை டெங்கு வந்தால் கடுமையாவதற்கும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள். வகைகள் நான்கு.

அக்டோபர் 24, காலை 6.15

நேற்று பி.சி.வி. 35, இன்று விடியற்காலை 31. சிறுநீர் நன்றாகப் போகிறது, இட்லி கேட்டிருக்கிறார். தட்டணு 28,000.

இப்போது வீட்டார் அழுகிறார்கள். சித்தப்பா ஒருவர் ‘28-க்கு வந்துவிட்டது, தட்டணு ஏற்ற மாட்டேன் என்கிறார்கள், தனியாருக்குத் தூக்கிவிடலாம்’ என்று வார்டு வாசலில் நிற்கிறாராம். தம்பி, தயவுசெய்து தூக்காதீர்கள். கசிவு நின்றுவிட்டது, வெளியே போன நீர் குழாய்க்குள் திரும்பி வருகிறது. பி.சி.வி. இறங்கி, சிறுநீர் பெருகி, பசி எடுத்துவிட்டது. தட்டணு மட்டும் ஒரு நாள் பிந்தி ஏறும், அவ்வளவுதான். ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்குத் தட்டணு 20,000-க்கு இறங்கியபோதும், முன்னெச்சரிக்கையாக ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சோதனை நடத்தி 2017-இல் வெளியிட்டார்கள். ஏற்றுவதால் ஒவ்வாமை வரலாம். நீர் திரும்பி வருகிற நேரத்தில் கூடுதல் திரவம் நுரையீரலில் சேரவும் கூடும்.

சித்தப்பாவிடம் போனைக் கொடுங்கள், நானே பேசுகிறேன் என்று எழுதினேன். கொடுத்தார். பேசினேன். மனிதர் அரை மணி நேரம் கேட்டார், கடைசியில் ‘நீ சொல்கிறாய் என்று விடுகிறேன் தாயீ’ என்றார்.

இன்னொன்று. ஃபெரிட்டினை மறுபடி பார்த்திருக்கிறார்கள்: 6,100. பிழைத்து எழுந்து இட்லி கேட்கிற நாளில் 6,100. அடுப்பை அணைத்த பிறகும் கல் சூடாகத்தான் இருக்கும்.

அக்டோபர் 24, இரவு 10.45

சித்தப்பாவோடு ஏன் அவ்வளவு நேரம் மன்றாடினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

2017 அக்டோபர். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு உறுதியானது, 65 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. எங்கள் கூடத்தில் காலை ஆறு மணிக்கே வாசலில் வரிசை நிற்கும். என் அக்கா உசிலம்பட்டிப் பக்கம், தையல் வேலை செய்கிறவள், அப்போது வயது 44. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. எழுந்து எல்லோருக்கும் ரசம் வைத்தாள். நான் போய் வீட்டிலேயே ரத்தம் எடுத்து வந்து ஓட்டினேன். தட்டணு 71,000, பி.சி.வி. 39. போனில், ‘எழுபதுக்கு மேலே இருக்கிறது அக்கா, பயமில்லை’ என்றேன். 39 பெண்களுக்கு உரிய அளவுக்குள் இருந்ததால் எந்திரம் அம்புக்குறி போடவில்லை. நானும் தாண்டிப் போய்விட்டேன்.

அக்காவின் ஹீமோகுளோபின் வாழ்நாளில் பத்தைத் தாண்டியதில்லை. எத்தனை முறை என் கையாலேயே பார்த்திருக்கிறேன். இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுத்தால் வயிறு எரிகிறது என்று வைத்துவிடுவாள். அவளுக்குப் பி.சி.வி. 30-தான் இயல்பு. 39 என்றால் 30 விழுக்காடு ஏற்றம். உலகத்தில் இந்தக் கணக்கைப் போடக்கூடிய ஒரே ஆள் நான்தான், போடவில்லை.

மறுநாள் விடியலில் கைகால் சில்லிட்டு வியர்த்தாள். மச்சான் அருகிலிருந்த தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார். ரத்த அழுத்தம் 100-க்கு 84. ‘பிரஷர் நன்றாக இருக்கிறது, தட்டணுதான் 40-க்கு வந்துவிட்டது, ஏற்ற வேண்டும், ஆள் பிடியுங்கள்’ என்றார்கள். நாங்கள் ஆள் தேடினோம். அண்ணன் மகனும் அவன் நண்பர்களும் மோட்டார் சைக்கிளில் மதுரைக்கும் உசிலம்பட்டிக்கும் ஓடினார்கள். நாலு மணி நேரம். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் நடுவே 20 அல்லது அதற்கும் குறைவான இடைவெளி இருந்தால் அது அதிர்ச்சி நிலை என்று எனக்கு அன்று தெரியாது. 100-க்கு 84 என்றால் இடைவெளி 16. அக்கா கண்ணைத் திறந்து பேசிக்கொண்டுதான் இருந்தாள், அதுவே எங்களை ஏமாற்றியது.

பிறகு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். பணியிலிருந்த டாக்டர் தாள் எதையும் வாங்கவில்லை. கையைப் பிடித்தார், நகத்தை அழுத்திவிட்டு நிறம் திரும்புவதை எண்ணினார், டிரிப்பைத் திறந்துவிட்டார். பி.சி.வி. 46 என்று வந்தது. பதினொரு நாள். பிழைத்தாள். இன்றும் தைக்கிறாள். என்னை யாரும் ஒரு சொல் குறை சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து என் கையெழுத்துப் போகிற டெங்கு அறிக்கை ஒவ்வொன்றிலும் பழைய ஹீமோகுளோபின் உண்டா என்று கேட்டு, இருந்தால் ஓரத்தில் எழுதிக் கொடுக்கிறேன். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை. அச்சடித்த ‘இயல்பு அளவு’ என்பது நம் பெண்களில் பாதிப்பேருக்குப் பொருந்தாத சட்டை.

அக்டோபர் 26, காலை 7.00

மேலூர்ப் பெண் வீட்டுக்கு வருகிறார். தட்டணு 83,000, பி.சி.வி. 30-இல் நிற்கிறது.

அந்த 30 என் கணக்கைக் கொஞ்சம் திருத்துகிறது. நான் கர்ப்பகால ஹீமோகுளோபினை வைத்து 29 என்றேன். கர்ப்பத்தில் ரத்தம் நீர்த்திருக்கும், பிள்ளை பெற்ற பின் கொஞ்சம் ஏறும். அவருடைய உண்மையான இயல்பு 30 என்றால், அன்று மாலை 34 என்பது 13 விழுக்காடு ஏற்றம். மறுநாள் 37 என்பது 23 விழுக்காடு. அன்று மாலை நான் சொன்ன அளவுக்குக் கசிவு இருந்திருக்காது. ஆனாலும் போகச் சொன்னதை மாற்றிச் சொல்ல மாட்டேன். வயிற்றுவலியும் சிறுநீர்க் குறைவும் எண்ணுக்கு முன்னால் நின்று கூப்பிட்டவை.

அக்டோபர் 26, இரவு 8.20

நேற்றைய மழையில் செல்லூர் முழுக்கத் தண்ணீர். கண்மாய் பெருகி, பந்தல்குடி கால்வாய் ததும்பி, எங்கள் தெருவில் முழங்காலளவு. ‘இந்தச் சாக்கடைத் தண்ணீரால் டெங்கு பெருகும்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெருகாது ஐயா. சாக்கடையில் பெருகுவது வேறு கொசு. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும்: மொட்டைமாடியில் மூடி உடைந்த சின்டெக்ஸ், பின்கட்டில் கிடக்கும் ஆட்டுரல், டயர், கொட்டாங்கச்சி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு. வடிகிற வெள்ளத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கும்போதே, குழாய்த் தண்ணீர் வராது என்று பிடித்து வைத்த குடத்தில் புழு நெளியும். முட்டை காய்ந்த பாத்திரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்க வேண்டும்.

முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள், கடித்த கொசுவுக்குள் வைரஸ் முதிர எட்டு முதல் பன்னிரண்டு நாள், கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர நான்கு முதல் பத்து நாள். கூட்டிப் பாருங்கள். இந்த மழையின் காய்ச்சல் நவம்பர் கடைசியில் எங்கள் வாசலில் நிற்கும். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

அக்டோபர் 28, மதியம் 1.40

பப்பாளி இலைச் சாறு பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். ஆட்டு ஈரல், கிவிப் பழம் பற்றி இரண்டு பேர்.

ஆறாம் நாள் எதைக் கொடுத்தாலும் எட்டாம் நாள் தட்டணு ஏறும். எதுவும் கொடுக்காவிட்டாலும் ஏறும். பப்பாளிச் சாறு தட்டணுவைக் கொஞ்சம் சீக்கிரம் ஏற்றுகிறது என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. இருக்கட்டும். தட்டணுவை ஏற்றினால் கசிவு நிற்கும் என்று எதிலும் இல்லை. நான் பயப்படுவது அந்தக் கசப்புக்கு. வாந்தியில் இருக்கும் பிள்ளையின் வாயைத் திறந்து ஊற்றி, கஞ்சியும் சேர்த்து வெளியே வந்த கதை இந்த மாதமே இரண்டு கேட்டேன். உப்பு போட்ட கஞ்சி, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். உள்ளே தங்கட்டும்.

அக்டோபர் 29, இரவு 9.00

இ.எஸ்.ஆர். 8 என்பதைப் பற்றி ஏன் பேசவில்லை என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி. எனக்குப் பிடித்த பரிசோதனை அது.

200 மில்லிமீட்டர் அளவுக்கோடு போட்ட நீண்ட கண்ணாடிக் குழாயில், உறையாமல் இருக்கச் சிட்ரேட் கலந்த ரத்தத்தை ஏற்றிச் செங்குத்தாக நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சிவப்பணுக்கள் எவ்வளவு இறங்கினவோ அதுதான் எண். வேறு தொற்றுகளில் ஃபைப்ரினோஜன் என்ற ரத்தப் புரதம் ஏறி, அணுக்கள் காசு அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிச் சரசரவென இறங்கும். டெங்கு ரத்தம் இறங்க மறுக்கும். ஃபைப்ரினோஜன் குறைந்திருக்கும், ரத்தமும் கெட்டியாகியிருக்கும். வழக்கமாக ரத்தசோகை இருந்தால் இ.எஸ்.ஆர். தானாகவே உயரும். ஹீமோகுளோபின் 9.6 இருந்த பெண்ணுக்கு 8 என்று வந்ததே எனக்கு உறுத்தியது. உடம்பெல்லாம் அழற்சி, இ.எஸ்.ஆர். மட்டும் அமைதி. எண் குறைந்ததால் நோய் குறைவு என்று படித்துவிடாதே அம்மா.

எங்கள் தரப்பில் நடக்கிற பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். கையில் ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்து ரத்தம் எடுத்தால் பி.சி.வி. பொய்யாக ஏறும். சிலருடைய தட்டணுக்கள், ரத்தம் உறையாமல் இருக்க இ.டி.டி.ஏ. மருந்து போட்ட குப்பியில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும், எந்திரம் அதை எண்ணத் தெரியாமல் 20,000 என்று அச்சடிக்கும். சிலைடு பூசி நுண்ணோக்கியில் பார்த்தால் கொத்து தெரியும். மறுபடி சிட்ரேட் குப்பியில் எடுத்து எண்ணி 1.1-ஆல் பெருக்கினால் சரியாகிவிடும். உடம்பு தெம்பாக இருந்து தட்டணு மட்டும் திடீரென்று பாதாளத்துக்குப் போனால், சிலைடு பார்த்தீர்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எங்களுக்குக் கோபம் வராது. வந்தாலும் கேளுங்கள்.

நவம்பர் 3, காலை 8.10

தீபாவளி விடுமுறை முடிந்து திறந்தவுடன் கூட்டம். டாக்டர் கேட்காமலே ‘காய்ச்சல் தொகுப்பு’ என்ற பெயரில் எல்லாப் பரிசோதனையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். முறை சாரா வேலைக்குப் போகிற குடும்பம், முதல் நாளே சி.ஆர்.பி., ஃபெரிட்டின், புரோகால்சிட்டோனின் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, நான்காம் நாள் பி.சி.வி. பார்க்கக் கையில் காசில்லாமல் நிற்பதைப் பார்க்கிறேன். எனக்கு வயிறு எரிகிறது. ரத்த அணுக்கள் எண்ணிக்கை என்ற ஒரே பரிசோதனையில் பி.சி.வி., வெள்ளணு, தட்டணு மூன்றும் வந்துவிடும். அதைத் தினம் ஒரு முறை, அதே ஆய்வகத்தில், அதே எந்திரத்தில் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமலே பார்க்கிறார்கள்.

நவம்பர் 10, இரவு 10.15

ஒரு டாக்டர் எனக்கு எழுதினார், கோபமில்லாமல். ‘ஃபெரிட்டினை ஒரு பக்கம் வையுங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள்’ என்றார். ஒரு வாரம் யோசித்தேன். அவர் சொல்வது சரி.

அன்று மாலை அந்தத் தம்பிக்கு அது சரியான பதில். எல்லோருக்கும் எப்போதும் சரியான பதில் இல்லை. ஏழு எட்டு நாளாகியும் காய்ச்சல் விடாமல், மண்ணீரல் பெருத்து, மூவகை அணுக்களும் சேர்ந்து இறங்கினால், ஃபெரிட்டின் பல ஆயிரங்களுக்கு மேல் போய்க்கொண்டே இருப்பது வேறொரு ஆபத்தைக் காட்டும்: பெருவிழுங்கணுக்கள் கட்டுமீறித் தம் உடம்பின் ரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்குகிற நிலை. அரிது, ஆனால் டெங்குவுக்குப் பின்னால் வரக்கூடியது, அதற்கு மருத்துவமே வேறு. அங்கே ஃபெரிட்டின் பார்க்காமல் இருப்பதுதான் பிழை.

அவர் சுட்டியதால் 2021-இல் வெளிவந்த ஒரு ஆய்வையும் மகனை வைத்துப் படித்தேன். வியட்நாம், கம்போடியா, மலேசியா, எல் சால்வடோர் நோயாளிகளிடம் முதல் மூன்று நாளில் எடுத்த ரத்தத்தில் பத்துக் குறிகளைப் பார்த்திருக்கிறார்கள். சி.ஆர்.பி.யும் ஃபெரிட்டினும் அதில் உண்டு. மற்றவற்றில் எனக்குப் புதிதாக இருந்தது சின்டெகன்-1. ரத்தக்குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. அது உரிந்து ரத்தத்தில் கலக்கும்போது இந்தச் சின்டெகன் கூடுகிறது. நாம் டெங்குவா என்று தெரிந்துகொள்ளத் தேடுகிற என்.எஸ்.1 புரதமே அந்தப் பூச்சை அரிக்கிறது. ஆக அது அடுப்பைச் சொல்லாமல் பானையையே சொல்கிற குறி. எங்களைப் போன்ற கூடங்களில் அது இன்னும் கிடையாது. பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பொருந்துகிற குறித்தொகுப்பு வேறுவேறாக வந்திருக்கிறது, ஆனால் ஃபெரிட்டின் இரண்டிலும் இடம்பிடித்திருக்கிறது. தனியாக ஒரு எண்ணைவிடச் சில எண்கள் சேர்ந்து நன்றாகச் சொல்கின்றன.

ஆகவே என் முதல் பதிலை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: முதல் மூன்று நாளில் ஃபெரிட்டின் அதிகம் என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள், தினம் டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சல் விடுகிற நேரத்தில் பி.சி.வி., சிறுநீர், வயிறு, கைகால் சூடு.

நவம்பர் 27, காலை 6.30

வந்துவிட்டது. நேற்று ஒரே நாளில் எங்கள் தெருவிலிருந்து மட்டும் ஐந்து என்.எஸ்.1. மூன்று பேர் பள்ளிப் பிள்ளைகள். இரண்டு வீட்டு மாடியில் நானே ஏறிப் பார்த்தேன், தொட்டி மூடியில்லை. பழைய சேலையை இரட்டையாக மடித்துக் கட்டிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 8, மாலை 5.20

மேலூர்த் தம்பி, காய்ச்சல் இல்லாத நாளில் வீட்டுப் பெரியவர்களுக்கு ரத்தம் பார்த்து நீங்கள் அனுப்பிய தாள்கள் கிடைத்தன. உங்களுக்குப் பி.சி.வி. 44, அம்மாவுக்கு 31, சித்தப்பாவுக்கு 42. மனைவிக்கு இன்னும் 30-தான், இரும்பு மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் தொடருங்கள். ஃபெரிட்டின் 6,100 வந்ததால் இரும்பு நிறைய இருக்கிறது என்று நிறுத்திவிடாதீர்கள். சில வாரம் கழித்துப் பார்த்தால் அது பழைய இடத்துக்கே போயிருக்கும். குழந்தைக்கு இதற்காக ஊசி குத்த வேண்டாம், அடுத்த முறை வேறு எதற்காவது ரத்தம் எடுக்கும்போது குறித்துக்கொள்ளலாம்.

அம்மாவின் 31-ஐ மட்டும் பெரிதாக எழுதி, மருந்துச் சீட்டு வைக்கிற மஞ்சள் பையிலேயே போட்டு வையுங்கள். அவருக்குக் காய்ச்சல் வந்து, யாராவது 37-ஐப் பார்த்து ‘நார்மல்’ என்றால், அந்தத் தாளை எடுத்துக் காட்டுங்கள்.